ஒன்பதாம் வகுப்பில் ஓர் இடம்

எய்யா,

நேற்று போனில் எல்லாம் பேசி முடித்து வைக்கப் போகிற நேரத்தில் ஒரு வார்த்தை சொன்னாய். "எம்மா, கயலுக்கு எடம் கேக்கப் போற பள்ளிக்கூடத்துல ஒன் போலீஸ் புத்தியக் காட்டிராத." பக்கத்தில் உன் பெண்டாட்டி சிரித்தது எனக்குக் கேட்டது. நானும் சிரித்து வைத்தேன். போனை வைத்த பிறகு வந்த ஆத்திரத்தில் அடுப்பில் இருந்த பாலைப் பொங்க விட்டுவிட்டேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை காக்கி உடுத்தியவளுக்குப் போலீஸ் புத்தி இல்லாமல் வேறு எவன் புத்தி இருக்கும்? இதைப் போனிலேயே கேட்டிருப்பேன். கேட்டால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லியே என் வாயை அடைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் குறுக்கே பேச உன்னால் முடியாது.

உன் கம்பெனி புனே ஆபீஸை மூடுகிறது, குடும்பத்தோடு பாளையங்கோட்டைக்கே வந்துவிடுகிறோம், உன் பேத்தி கயலுக்கு ஒன்பதாம் வகுப்பில் ஓர் இடம் பார்த்து வை என்று எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாய். பள்ளிக்கூடம் திறந்து மூன்றாவது மாதம் ஓடுகிறது. முதல் பரீட்சைக்குப் பிள்ளைகள் படிக்கத் தொடங்கிவிட்டார்கள். நடுவருஷத்தில் பெட்டியோடு வந்து நிற்கிற பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடமும் சந்தேகமாகத்தான் பார்க்கும். அங்கே என்ன செய்துவிட்டு வந்ததோ என்றுதான் முதலில் தோன்றும். உன்னையும் அப்படித்தான் பார்த்தார்கள். நீயும் இதே ஒன்பதாம் வகுப்புக்குத்தான் நடுவருஷத்தில் போய் நின்றாய். உனக்கு அந்த இடம் எப்படிக் கிடைத்தது, எப்படி நிலைத்தது என்பதில் பாதிதான் உனக்குத் தெரியும். அந்தப் பாதியை வைத்துக்கொண்டுதான் போலீஸ் புத்தி என்கிறாய்.

அப்போது நாம் பாபநாசத்துக்குக் கீழே இருந்தோம். உன் அப்பா மஸ்கட்டில். நான் ஸ்டேஷனில் ஏட்டு. அந்த வருஷம் அம்மன் கோயில் கொடை விழாவில் சாமி சப்பரம் எந்தத் தெருவுக்குள் நுழையலாம், எந்தத் தெருவுக்குள் நுழையக் கூடாது என்று தகராறு கிளம்பி, கல்லில் தொடங்கி கம்பில் வந்து நின்றது. எங்கள் ஸ்டேஷன் இளம் கான்ஸ்டபிள் ஒருவனைக் கீழே தள்ளி நெஞ்சில் ஏறி மிதித்துக்கொண்டிருந்தான் ஒருத்தன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவசரமே இல்லாமல், நெல் மிதிக்கிற மாதிரி மிதித்தான். நான் லத்தியை ஓங்கி அவன் தோளில் இறக்கினேன். காறை எலும்பு முறிந்த சத்தம் மேளத்தையும் மீறி எனக்குக் கேட்டது. அவன் ஒரு தெரு. அடுத்து என்னிடம் அடிபட்டவன் இன்னொரு தெரு. என்னை முதல் தெருக்காரி என்று இரண்டாம் தெருவும், இரண்டாம் தெருக்காரி என்று முதல் தெருவும் மனுக் கொடுத்தன. அந்த இரண்டு தெருவும் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் அதுதான். செப்டம்பரில் என்னைத் தூக்கி ஏரலுக்கு அந்தப்பக்கம் போட்டார்கள். தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நீ அழுதது என் நினைவில் இருக்கிறது. மலையடிவாரத்தில் பிறந்து வளர்ந்த பையனை ஆறு கடலுக்குப் போகிற பக்கம் கொண்டுபோய் விட்டேன்.

அந்த வட்டாரத்தில் இருந்த உயர்நிலைப்பள்ளி ஒன்றே ஒன்று. தலைமையாசிரியர் நல்ல மனிதர், சர்க்கரை வியாதிக்காரர், பயந்தாங்கொள்ளி. வகுப்பு நிறைந்து வழிகிறது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி உண்மையைச் சொன்னார். ஒன்பதாம் வகுப்பில் இடதுபக்க பெஞ்சுகள் மேலத்தெருப் பையன்களுக்கு, வலதுபக்க பெஞ்சுகள் கீழத்தெருப் பையன்களுக்கு. யாரும் எழுதிவைத்த சட்டம் இல்லை. அப்படி உட்கார வைத்தால் பாடம் நடக்கும், மாற்றி உட்கார வைத்தால் மண்டை உடையும். "நீங்க எந்தப் பக்கம்னு சொன்னாத்தான ஏட்டம்மா நான் புள்ளைய ஒக்கார வைக்க முடியும்?" என்று கேட்டார். காக்கிப் பக்கம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்க வேண்டுமென்றால் முதலில் சாதியைச் சொல்ல வேண்டும் என்பதை அவர் ஒரு அசிங்கமாகவே நினைக்கவில்லை. மழைக்குக் குடை பிடிப்பதைப் போல அவருக்கு அது ஒரு ஏற்பாடு, அவ்வளவுதான்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே வெளியே சத்தம் கேட்டது. இடைவேளை மணி அடித்திருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் இரண்டு கூட்டம். பையன்கள் பெல்ட்டைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார்கள், பக்கிள் வெளியே தெரியும்படி. ஒருத்தன் புத்தகப் பையைத் திறந்து, வாழைத்தார் வெட்டுகிற அரிவாளை எடுத்தான். பதினைந்து வயதுகூட இருக்காது அவனுக்கு. நான் சேலையில் இருந்தேன், கையில் லத்தி இல்லை. ஓடிப்போய் அவன் மணிக்கட்டைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் முறுக்கினேன். அரிவாள் விழுந்தது. அவனை ஓங்கி அறைந்ததில் அவன் காதில் ரத்தம் வந்தது. அதே நேரத்தில் எவனோ விட்ட கல் என் வாயில் பட்டு, கீழ்வரிசைப் பல் ஒன்று உதட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. பல்லைத் துப்பிவிட்டு மறுபடியும் அடித்தேன். யார் எந்தத் தெரு என்று பார்க்கவில்லை. கைக்குக் கிடைத்தவனையெல்லாம் அடித்தேன். வாத்திமார்கள் வராந்தாவில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

எல்லாம் அடங்கிய பிறகு, என் ரத்தத்தைத் துடைக்கத் தன் துண்டைக் கொடுத்துக்கொண்டே தலைமையாசிரியர் ஒரு பேரம் பேசினார். சாயங்காலம் மணியடிக்கிற நேரத்துக்கு நான் தினமும் வந்து பள்ளிக்கூட வாசல் கேட்டுப் பக்கம் நிற்க வேண்டும். அரிவாளும் கல்லும் வெளியே வருவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். நான் நின்றால் உனக்கு இடம். சரி என்றேன். வேறு என்ன செய்ய? அடுத்த உயர்நிலைப்பள்ளிக்கு நீ இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். இடதுபக்கத்துக்கும் வலதுபக்கத்துக்கும் நடுவில், நடைபாதையில் ஒரு ஒற்றை பெஞ்சைப் போட்டு உன்னை உட்கார வைத்தார்கள். முதல் நாள் உன்னை ஸ்டேஷன் ஜீப்பில் கொண்டுபோய் இறக்கினேன். போலீஸ்காரி மகன் என்று தெரிந்தால் எவனும் உன்மேல் கை வைக்க மாட்டான் என்று நினைத்தேன். போலீஸ்காரிக்குத்தான் அப்படி நினைக்கத் தோன்றும். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே எதிரியாக உன்னை நானே ஜீப்பில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். உன் தலைக்கு மேலேதான் எல்லாம் பறக்கும், சாக்பீஸ், காம்பஸ், டிபன் மூடி, கெட்ட வார்த்தை. சட்டையின் முதுகில் மையோடு வருவாய். கேட்டால் பேனா ஒழுகியது என்பாய். ஒருநாள் உன் தோளில் காம்பஸ் குத்திய தடம் இருந்தது. எவன் என்று கேட்டேன். சொல்லவில்லை. சொல்லாததற்கு உன்னை அடித்தேன்.

உன் அம்மா காவலுக்கு நிற்பதால்தான் உனக்கு இந்த பெஞ்சு என்று பையன்கள் உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அதை நீ என்னிடம் கேட்கவே இல்லை. கேட்டில் நின்றுகொண்டிருக்கிற என்னைத் தெரியாதவன் மாதிரிக் கடந்துபோவாய். மற்றப் பையன்களைப் பார்த்து நான் போடுகிற அதட்டல் கேட்டு உன் காது சிவக்கும். எனக்கும் கோபம்தான். யாருக்காக நிற்கிறேன் என்று நினைக்கிறான் இந்தப் பயல், என்று வாய்விட்டே திட்டியிருக்கிறேன்.

ஐப்பசியில் கந்த சஷ்டி வந்தது. என்னைத் திருச்செந்தூருக்குப் பந்தோபஸ்து போட்டார்கள். சூரசம்காரம் முடிகிற வரைக்கும் அங்கேயே இருக்க வேண்டும். கடற்கரையில் மனிதத் தலைகளாகத் தெரிந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு நின்றபோது மைக்கில் என் பெயரைச் சொல்லி, உன் பெயரையும் சொன்னார்கள். அந்தக் கயிற்றை எப்போது விட்டேன், எந்த பஸ்ஸில் ஏறினேன் என்று எனக்கு நினைவில்லை. பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரியில் உன் இடதுகையைப் பார்த்தேன். முழங்கைக்குக் கீழே சதை இரண்டாகப் பிளந்து, நடுவில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. டாக்டர் தைப்பதற்கு முன்னால் என்னை வெளியே போகச் சொன்னார். நான் போகவில்லை. ஒவ்வொரு குத்துக்கும் நீ என்னைப் பார்த்தாய், கத்தவில்லை.

நடந்ததை உன்னோடு படித்த பையன் ஒருத்தன் சொன்னான். நான் திருச்செந்தூருக்குப் போன நாளிலிருந்து நீ சாயங்காலம் மணியடித்ததும் ஓடிப்போய்க் கேட்டில் நின்றிருக்கிறாய். நான் நிற்கிற அதே இடத்தில். அம்மா வராவிட்டால் இடம் போய்விடும் என்று நினைத்திருக்கிறாய். முதல் இரண்டு நாள் சிரித்தார்கள். மூன்றாம் நாள் மேலத்தெருப் பையன் ஒருவன் கீழத்தெருப் பையன் ஒருவனின் கழுத்துக்கு அரிவாளை வீசியபோது, நீ குறுக்கே கையை நீட்டியிருக்கிறாய். ஒல்லிக்குச்சிப் பயலே, நான் ஓங்கினால் நாலு பேர் பின்வாங்குவார்கள் என்பதற்காக நீயும் கையை நீட்டுவதா? இதை எழுதும்போதும் எனக்கு உன்னை அடிக்க வேண்டும் போலத்தான் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் இருந்து நேரே வெட்டியவன் வீட்டுக்குப் போனேன். யூனிபார்ம்கூட மாற்றவில்லை. உன் ரத்தம் என் கையில் காய்ந்திருந்தது. நெல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தவனை முடியைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்து வந்து பெல்ட்டால் அடித்தேன். ஒரு தெருவே சுற்றி நின்றது. எவனும் கிட்டே வரவில்லை, அவன் அம்மாவைத் தவிர. அவள் ஓடிவந்து அவன்மேல் குப்புற விழுந்து மூடிக்கொண்டாள். என் கை நிற்கவில்லை. அடிகள் அவள் முதுகில் விழுந்தன. "எம்மேல எத்தன வேணும்னாலும் போடுங்க, அவன ஸ்டேஷனுக்கு மட்டும் கொண்டு போயிராதிய. பத்தாவது எழுதணும் அவன்," என்றாள். அதற்கு மேல் என்னால் ஓங்க முடியவில்லை. அந்தப் பயலுக்குக் கிடைத்தது போதாது என்று இன்றைக்கும் சொல்வேன். அவளை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்காது.

மறுநாள் இன்ஸ்பெக்டர் உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பதமாகக் கேட்டார், வெட்டியது யார் என்று. ஊருக்கே தெரியும், எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். உன் வாயால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆர்னு தெரியல சார், கூட்டமா இருந்துச்சு என்றாய். அவர் எழுந்து போனதும் கட்டுப் போட்ட கையோடு கிடந்த உன்னைக் கன்னத்தில் அறைந்தேன். நர்ஸ் ஓடிவந்து என்னைப் பிடித்தாள். நீ கன்னத்தைக்கூடத் தடவவில்லை.

"எம்மா, அவன் பேரச் சொன்னா அவன் சிறுவர் ஜெயிலுக்குப் போவான். அவந்தெருக்காரன் நாளைக்கு என்னயத் தேடி வருவான். நீ அவன அடிப்ப. எனக்கு இதெல்லாம் வேண்டாம். எனக்கு அந்த பெஞ்சுல ஒக்காந்து படிக்கணும். அவ்வளவுதாம்மா."

எனக்குப் புரியவில்லை என்று நீ நினைத்தாய். புரிந்தது. அதனால்தான் வெளியே போய் வராந்தாவில் நின்று அழுதேன்.

உனக்குத் தெரியாத பாதி இனிமேல்தான் வருகிறது. உன்னை டிஸ்சார்ஜ் செய்வதற்கு முன்னால் தலைமையாசிரியர் எனக்குச் சொல்லி அனுப்பினார். போனேன். மேஜையில் மூன்று டி.சி. தயாராக இருந்தது. வெட்டியவனுக்கு ஒன்று, வெட்டு விழ இருந்தவனுக்கு ஒன்று, உனக்கு ஒன்று. ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிட்டார்களாம். மூன்று பையன்களையும் அனுப்பிவிட்டால் பள்ளிக்கூடம் அமைதியாகிவிடுமாம். வெட்டினவனுக்கும் வெட்டு வாங்கினவனுக்கும் ஒரே தண்டனை. சார், என் மகன் என்ன செய்தான் என்று கேட்டேன். நடுவில் வந்துவிட்டானே ஏட்டம்மா என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆமாம், எய்யா, மிரட்டினேன். நீ சொல்கிற போலீஸ் புத்தியை அன்றைக்கு முழுசாகக் காட்டினேன். கதவைச் சாத்தித் தாழ்போட்டேன். பையில் அரிவாள் வருவது தெரிந்தும் ஒரு தடவையாவது ஸ்டேஷனுக்குச் சொன்னீர்களா என்று கேட்டேன். ஒரு அம்மாவைக் காவலுக்கு நிறுத்தி அதற்குக் கூலியாகப் பிள்ளைக்கு இடம் கொடுத்தது எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்டேன். "டி.சி.யில ஒங்க கையெழுத்து விழுந்தா, எஃப்.ஐ.ஆர்.ல மொதப் பேரு ஒங்க பேரு சார்," என்றேன். மனிதருக்கு வேர்த்துவிட்டது. மூன்று டி.சி.யையும் அவர் கையாலேயே கிழிக்க வைத்தேன். வெட்டியவனுடையதையும்தான். அதைக் கிழிக்கும்போது பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டேன். கிழிக்காமல் விட்டால், அந்த அம்மா மகனுக்காக என்னிடம் முதுகில் வாங்கியதற்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும் என்று தோன்றியது. அந்தப் பயல் பத்தாவதில் தேறவில்லை. அது வேறு விஷயம்.

நீ தேறினாய். அந்த நடு பெஞ்சிலேயே இரண்டு வருஷமும் உட்கார்ந்து தேறினாய். அதன் பிறகு நான் கேட்டுக்கு வரவில்லை, வரக் கூடாது என்று நீ சொன்னாய். உன் இடதுகைச் சுண்டுவிரல் இன்றைக்கும் முழுசாக மடங்காது. கல்யாணப் போட்டோவில் அந்தக் கையை நீ மறைத்து வைத்திருப்பது எனக்குத்தான் தெரியும். உன் மகளுக்கு அந்தத் தழும்பைப் பற்றி என்ன சொல்லி வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. சைக்கிளில் விழுந்தேன் என்று சொல்லியிருப்பாய். நல்லது, அப்படியே இருக்கட்டும்.

இனி கயலின் இடத்துக்கு வருகிறேன். இன்று காலை பாளையங்கோட்டையில் நீ பெரிதாகப் புகழ்ந்த அந்தத் தனியார் பள்ளிக்கூடத்துக்கே போனேன். மடிப்புக் கலையாத சேலை, கையில் மஞ்சள் பை, வாயில் சிரிப்பு. நீ சொன்னபடி நான் போலீஸ் என்று மூச்சுக்கூட விடவில்லை. நிர்வாகி என்று வெள்ளை வேட்டியில் ஒருத்தர், என் வயதுதான் இருக்கும். ஒன்பதாம் வகுப்பில் ஒரு இடம்கூட இல்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று முதல் நிமிஷத்திலேயே சொல்லிவிட்டார். எழுந்து வந்திருக்க வேண்டும். அவர் டீ வரவழைத்தார். வெயிலைப் பற்றிப் பேசினார், ஆற்றில் தண்ணீர் இல்லாததைப் பற்றிப் பேசினார். சொந்த ஊர் கேட்டார், சொன்னேன். அங்கே எந்தத் தெரு என்று கேட்டார், பிழைப்புக்காக ஊர் ஊராகச் சுற்றியவர்களுக்குத் தெரு ஏது என்று சமாளித்தேன். பிறகு, என்னவோ ஞாபகம் வந்தவர் மாதிரி, "பங்குனி உத்திரத்துக்கு எந்தச் சாஸ்தாவுக்குப் போவியம்மா?" என்றார்.

எத்தனை திருடர்களை எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்டவள் நான். அந்தக் கேள்வியில் விழுந்துவிட்டேன். சாமி பேரைக் கேட்டால் நம் ஊர்க்காரர்களுக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும் இல்லையா? நம் சாஸ்தா எந்த மலையடியில் இருக்கிறார், போகிற வழி எப்படி, யார் பூசை என்று சந்தோஷமாகச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் மலர்ந்துவிட்டது. நம் பக்கத்தில் குலத்துக்கு ஒரு சாஸ்தா அல்லவா, அதை வைத்து நம் சாதியைக் கண்டுபிடித்துவிட்டார்.

"அட, நம்ம புள்ளையா. மொதல்லயே சொல்லப்படாதா? நாளைக்கே வந்து சேத்துருங்க. அந்தக் கிளாஸ்ல முக்காவாசி நம்ம புள்ளையதான், ஒரு பயமும் கெடையாது."

இல்லாத இடம் வந்துவிட்டது. பீஸில்கூடக் குறைத்துக்கொள்ளலாம் என்றார். இடதுபக்கம், வலதுபக்கம் என்று பெஞ்சு போடுகிற வேலைகூட இந்தப் பள்ளிக்கூடத்தில் இல்லை. வேண்டாத பக்கத்தை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். அவர் சட்டைக் காலரைப் பிடித்து மேஜை மேலேயே சாய்த்து அறைய வேண்டும் போல இருந்தது. மேஜையில் ஓங்கி அடித்ததோடு நிறுத்திக்கொண்டேன். டீ கிளாஸ் கவிழ்ந்து அவர் வேட்டியில் கொட்டியது. அது தெரியாமல் நடந்தது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஆக, கயலுக்கு இடம் இல்லை. இருந்த ஒன்றையும் நான் தொலைத்துவிட்டு வந்திருக்கிறேன். நீ கோபப்படுவாய். உன் பெண்டாட்டி இன்னும் அதிகமாகக் கோபப்படுவாள். இரண்டு பேரும் என்னைத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். நாளைக்கு அரசு பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன். அங்கே இல்லையென்றால் அடுத்ததுக்குப் போவேன். முட்டி வலியை நான் பார்த்துக்கொள்வேன்.

ஆச்சி ஏன் அந்த இடத்தை வேண்டாமென்று சொன்னாள் என்று கயல் கேட்பாள். கேட்டால் காரணத்தைச் சொல்லாதே. தான் எந்தப் பக்கம் என்று அந்தப் பிள்ளைக்கு இன்னும் தெரியாது, எய்யா. பதினாலு வயது வரைக்கும் அது தெரியாமல் ஒரு பிள்ளையை நீ வளர்த்திருக்கிறாய்.

அம்மா